மாமாவுக்கு, ஷாங்காய் தியேட்டரிலிருந்து

அன்புள்ள மாமா,

"அங்கேயும் சென்சார் உண்டாடா?" என்று போனில் கேட்டீர்கள், லைன் போய்விட்டது. டூரிங் டாக்கீஸ் கேபினில் முப்பது வருஷம் புரொஜெக்டர் ஓட்டி, கார்பன் விளக்கின் புகை குடித்தவருக்குப் பதிலை எழுதித்தான் அனுப்ப வேண்டும்.

நம் ஊரில் படத்துக்கு முன் சென்சார் சர்டிபிகேட் காட்டுவீர்களே, அந்த இடத்தில் இங்கே பச்சைத் திரையில் தங்கநிற டிராகன் வரும். 'லுங் பியாவ்' என்பார்கள். டிராகன் முத்திரை. அது இல்லாத படம் தியேட்டருக்கு வராது. 'யு', 'ஏ' பிரிவெல்லாம் கிடையாது. பேரன் பார்க்கக்கூடாது என்றால் பாட்டிக்கும் கிடையாது, அவ்வளவுதான். அனுமதி வாங்காமல் 2006இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவுக்குப் படம் கொண்டுபோன லோ யே என்ற இயக்குநருக்கு 5 வருஷம் படமெடுக்கத் தடை போட்டார்கள்.

இடைவேளையும் கிடையாது. முதல் தடவை நான் பாதியில் எழுந்து நின்றுவிட்டேன், பழக்கதோஷம்.

எனக்கு ஆச்சரியம் வேறொன்றில். சீனப் படத்துக்கே அடியில் சீன எழுத்து ஓடுகிறது! ஷாங்காய்க்காரர் வீட்டில் பேசுவது குவாங்சோக்காரருக்குப் புரியாது, எழுத்து மட்டும் இரண்டு பேருக்கும் பொது. டிவி நாடகமும் இப்படித்தான். எனக்குத் தெரிந்த நாலு எழுத்தும் அதைப் பார்த்து வந்ததுதான். இரவு 7 மணிக்கு எந்த மாகாணச் சேனலைத் திருப்பினாலும் பெரும்பாலும் மத்திய டிவியின் அதே அரை மணிச் செய்தி. நம் பழைய தூர்தர்ஷன் காலம் ஞாபகம் வருகிறது.

ஹாலில் விசில் இல்லை. விசிலெல்லாம் போனுக்குப் போய்விட்டது, மாமா. பிலிபிலி போன்ற தளங்களில் வீடியோ ஓடும்போதே பார்க்கிறவர்கள் எழுதுவது திரையின் குறுக்கே வலமிருந்து இடமாகப் பறக்கும். 'டான்மு' என்று பெயர். சோகக் கட்டத்தில் நூறு பேர் ஒரே நேரத்தில் எழுத்தால் அழுவார்கள், கதாநாயகன் முகமே மறைந்துவிடும். தரை டிக்கெட் கூட்டம் இதைவிட மரியாதையாக நடந்துகொண்டது என்று நீங்கள் சொல்வீர்கள்.

என் சந்தில் பெரியவர்கள் பைஜாமாவோடுதான் காய்கறி வாங்கப் போகிறார்கள். 2010இல் இங்கே நடந்த உலகக் கண்காட்சி சமயத்தில் பைஜாமாவோடு வெளியே வர வேண்டாம் என்று பிரச்சாரமே நடந்ததாம். யார் கேட்டார்கள்?

2024 நவம்பர் 29 அன்று நம் 'மகாராஜா' இங்கே வந்தது. சீனத்தில் வைத்த பெயருக்கு, செய்த வினைக்குப் பலன் என்று அர்த்தம். நான் தமிழன் என்று பக்கத்து சீட்டு அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், விட்டுவிட்டேன். பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் விளக்கைப் போட்டு, துடைப்பத்தோடு வந்துவிட்டார்கள். நீங்கள் கேபினில் இருந்தால் கடைசி ரீல் தீரும்வரை விளக்கைப் போட விட்டிருப்பீர்களா?

அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் மருமகன்