செயலாளர் அறிக்கை: மூல ஓலை என்னிடம் இருக்கிறது

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் போய்ச் சேரும். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

பொங்கல், தைப்பூசக் காவடி, தீபாவளி ஆகியவை வழக்கம்போல் நடந்தன. 1860இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவுக்கு, நம் டர்பனில், ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கிய 342 பேரின் நினைவாக நவம்பர் 16 அன்று விளக்கேற்றினோம்.

இனி, சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்து, ஐந்தே கைகள் உயர்ந்து நிறைவேறிய 'இலக்கியத்தில் வழக்குகள்' வாசிப்பு. மாதம் ஒரு ஞாயிறு, சாட்ஸ்வொர்த் மண்டபத்தின் பின்னறையில். தமிழில் வாசித்தோம், இளையவர்களுக்காக ஆங்கிலத்தில் விளக்கினோம். "கோயில் கூரை ஒழுகும்போது இது எதற்கு?" என்று கேட்ட பெரியவர் ஒரு நாளும் வரவில்லை. கூரை வேலைக்கும் வரவில்லை.

கண்ணகி வழக்கில் எல்லோரும் அவள் கண்ணீரைப் பேசினார்கள். நான் விசாரணை முறையைப் பேசினேன். பொற்கொல்லன் சொல் ஒன்றே போதும் என்று பாண்டியன் கோவலனைக் கொல்லவிட்டான். சிலம்பை உடைத்து உள்ளே மாணிக்கமா முத்தா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அடுத்த மாதம் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் 14 மார்ச் 1913 அன்று அளித்த தீர்ப்பை எடுத்துக்கொண்டோம். கிறித்தவ முறைப்படி நடக்காத நம் திருமணங்கள் சட்டப்படி செல்லாதவை ஆயின. அதன்பின் காந்தி நடத்திய போராட்டத்தில் பெண்களும் இறங்கிச் சிறை சென்றார்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து நோயோடு வெளிவந்த வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22இல், பதினாறு வயதில் இறந்தாள். அந்த ஆண்டிலேயே சட்டம் மாறி, ஒப்பந்தம் முடிந்தும் இங்கே தங்கியவர்கள் மீதிருந்த மூன்று பவுன் வரியும் ஒழிந்தது. பாண்டியன் விசாரிக்காமல் தவறினான். சேர்ல் விசாரித்து, சட்டத்தைப் படித்துத்தான் தீர்ப்புச் சொன்னார். எனக்கு இரண்டாவதுதான் கூடுதல் பயம்.

சிறப்பாக அமைந்தது பெரியபுராணக் கூட்டம். மணப்பந்தலில் ஒரு கிழவர் நுழைந்து, சுந்தரர் தமக்கு அடிமை என்று ஓலை காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையோ ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறது. கிழிந்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார் கிழவர். பாட்டனாரின் கையெழுத்தை ஒப்பிட்டு, அவை அவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. சட்டம் பயிலும் ஒரு பெண் எழுந்து, "பாட்டன் கையெழுத்துக்குப் பேரன் எப்படி அடிமையாவான்? நம் 1996 அரசியல் சாசனத்தின் 13ஆம் பிரிவு அடிமைத்தனத்தையே தடுக்கிறதே!" என்றாள். கிழவராக வந்தவர் சிவன், கடவுளே வாதி என்று சமாதானம் சொல்லிப் பார்த்தோம், அவள் ஏற்கவில்லை. அப்போது கடைசி வரிசையில் ஒரு பாட்டி, "எங்கள் ஆயா கைநாட்டு வைத்த கிரிமிட் தாளில், அதாவது கூலி ஒப்பந்தத்தில், என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கே தெரியாது" என்றார். அன்று தேநீர் ஆறிப்போனது. வந்தவர்கள் பதினோரு பேர். பட்டியலில் இருப்பவர்கள் நூற்றுக்கும் மேல்.

கணக்கைப் பொருளாளர் சொல்வார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறக்குறைய சமம். 'ஏறக்குறைய' என்ற சொல்லில் மின்கட்டணம் அடங்கும். சந்தா கட்டியவர்கள் பாதிக்கும் கீழே. "போன வருடமே கட்டிவிட்டேன், ரசீது கிழிந்துவிட்டது" என்போருக்குப் பணிவான தகவல்: உங்களிடம் இருந்தது படி ஓலை. அடிக்கட்டை என்னிடம் இருக்கிறது.

மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும், சமைத்த மகளிர் குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்றால் மகிழ்வேன். யாரும் முன்வராவிட்டால் மனுநீதிச் சோழனிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன். பிரதி எடுக்க மட்டும் நானூறு ராண்ட் வேண்டும். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசல் மேசையில் இருக்கிறார். பிரியாணி வரிசையும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறது.