இரண்டாம் தவணை நிறைவும் உயர்தரம் முடித்த பிள்ளைகளின் தெரிவும்: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் தவணை நல்லபடியாக முடிந்திருக்கிறது. தமிழ்மொழித் தினப் போட்டிகளில் நமது பிள்ளைகள் வலய மட்டத்தில் பல இடங்களைப் பெற்றார்கள், சிலர் மாகாண மட்டத்துக்கும் தெரிவானார்கள். வலைப்பந்து அணியும் கரப்பந்து அணியும் நன்றாக விளையாடின. ஆரம்பப் பிரிவுக்குப் புதிய தண்ணீர்த் தாங்கி வைத்தாயிற்று; பழைய மாணவர் சங்கத்துக்கு நன்றி. மூன்றாம் தவணை தொடங்கும் திகதி அறிவித்தற் பலகையிலும் வகுப்பு வட்ஸ்அப் குழுக்களிலும் உண்டு.

இனி, நான் எழுத உட்கார்ந்த விடயத்துக்கு வருகிறேன். இது முக்கியமாக உயர்தரப் பரீட்சை எழுதி வெளியேறிய பிள்ளைகளின் பெற்றோருக்கு. தரம் 12, 13 பெற்றோரும் வாசியுங்கள், அடுத்தது உங்கள் முறை.

இம்முறை நமது பிள்ளைகளில் பலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடம் கிடைத்திருக்கிறது. பல்கலைக்கழக அனுமதி ஒரு கையில், ஆசிரியர் பயிற்சிக்கான தேசிய கல்வியியற் கல்லூரிக் கடிதம் மறு கையில். சிலருக்குத் தாதியர் பயிற்சி, சிலருக்கு உயர் தொழில்நுட்பவியல் நிறுவனத்தின் டிப்ளோமா, ஓரிருவருக்கு இந்திய அரசின் புலமைப்பரிசில். நமது திருகோணமலை மாவட்டத்தின் மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் வரும் பெற்றோரில் சிலர், பாலங்கள் திறக்கும்வரை பாதையில் (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவையில்) ஏறி இறங்கிப் படித்தவர்கள். அவர்களின் பிள்ளைகள் எந்த இடத்தை எடுப்பது என்று யோசிக்கும் நிலைக்கு வந்திருப்பதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மனம் நிறைகிறது.

ஆனால் கடந்த மூன்று வாரமாக எனது அலுவலகத்தில் நடப்பதைப் பார்க்கும்போது கவலையாகவும் இருக்கிறது.

ஒரு நாள் காலைக்கூட்டம் முடிந்து அறைக்கு வந்தால், வாசலில் ஒரு தாய், தகப்பன், மகள். (அவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன், ஆளைத் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உயிரியல் பிரிவுப் பிள்ளை. பதிவுக்கு மறுநாள் கடைசி நாள். தாழங்குடா கல்வியியற் கல்லூரிதான் நல்லது, மூன்று வருடத்தில் அரசாங்க நியமனம் என்றார் தகப்பன். தாதியர் பயிற்சிக்குப் போனால் வெளிநாடு போகலாம் என்று கனடாவிலிருந்து சித்தப்பா தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் கிடைத்திருக்கிறது, பிள்ளை பின்னேரம் வீட்டுக்கு வந்துவிடுவாள் என்றார் தாய். இருபது நிமிடம் போயிற்று. பிள்ளை தன் கடிதக் கோவையின் ரப்பர் நாடாவை இழுப்பதும் விடுவதுமாக இருந்தாள். “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், மகள்?” என்று கேட்டேன். அதற்கும் தகப்பன்தான் பதில் சொன்னார்.

பெற்றோரைப் பத்து நிமிடம் விறாந்தையில் இருக்கச் சொன்னேன். அவர்கள் போனதும் பிள்ளை கோவையிலிருந்து ஒரு கணிதக் கொப்பித் தாளை எடுத்து மேசையில் வைத்தாள். மூன்று நிரல். ஒவ்வொன்றிலும் முதல் வருடப் பாடங்கள், பஸ் காசு, போடிங் காசு, முடிக்க எத்தனை வருடம். அடியில் சிறிய எழுத்தில், முடிக்கும்போது அப்பாவுக்கு எத்தனை வயது, தம்பி எந்த வகுப்பு என்றும் எழுதியிருந்தாள். இவ்வளவும் யோசித்து வைத்திருந்த பிள்ளையிடம் அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. தாளைத் தகப்பனிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். அவர்கள் எதைத் தெரிவு செய்தார்கள் என்பது அவர்கள் வீட்டு விடயம், அதை நான் எழுதவில்லை.

பெற்றோருக்குச் சொல்ல இடமில்லை என்று நான் சொல்லவில்லை. காசு கொடுப்பவர்கள் நீங்கள், பயப்படுபவர்களும் நீங்கள். பெண்பிள்ளையைத் தூர அனுப்பத் தயங்குவது எனக்கு விளங்குகிறது. பகிடிவதைக்கு (ராகிங்) பயந்துதான் சிலர் பக்கத்து வளாகம் போதும் என்கிறார்கள். அதற்கெதிராக 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, முறைப்பாடு செய்ய வழியும் இருக்கிறது. பயத்தைப் பிள்ளையோடு பேசுங்கள். “அங்கே விடமாட்டோம்” என்று ஒரே சொல்லில் கதையை முடித்துவிட்டால், பிள்ளை அந்த இடத்தைப் பற்றிய கேள்விகளையும் நிறுத்திவிடும்.

முடிந்தால் இடத்தை ஒருமுறை போய்ப் பாருங்கள். கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கும் வந்தாறுமூலை என்றால் மட்டக்களப்பு நகரம் என்று நினைத்துப் பயந்த ஒரு தாயிடம், நம் பக்கத்திலிருந்து போகும் மட்டக்களப்பு பஸ் நகரத்துக்கு முன்பே பல்கலைக்கழக வாசலைத் தாண்டித்தான் போகிறது என்றேன். அவருக்கு அரைவாசிப் பயம் போய்விட்டது. தாழங்குடாவுக்கு நகரத்தையும் தாண்டிப் போக வேண்டும், ஆனால் அங்கே முதல் இரண்டு வருடமும் விடுதியிலேயே தங்கிப் படிப்பு, மூன்றாவது வருடம் பாடசாலையில் பயிற்சி. யாழ்ப்பாணம் என்றால் அறைவாடகையும் சாப்பாடும் எவ்வளவு என்று இப்போது அங்கே இரண்டாம் வருடம் படிக்கும் நம் பழைய மாணவரிடம் கேளுங்கள். எங்களிடம் சொன்னால் தொடர்புபடுத்தி விடுகிறோம். பாடநெறி எந்த மொழியில் நடக்கிறது என்பதையும் கேளுங்கள். விஞ்ஞானம், கணினி, முகாமைத்துவம் எல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். அது தடையில்லை, ஆனால் தெரிந்துகொண்டு போக வேண்டும். தனியார் நிறுவனத்துக்குக் கடன்பட்டுக் காசு கட்டப் போகிறவர்கள், அந்தப் பட்டத்துக்கு அங்கீகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள். பெயரில் பல்கலைக்கழகம் என்று இருந்தால் மட்டும் போதாது.

இனி, கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று.

சில வீடுகளில், முடிவு எடுக்க முடியாமல் இரண்டு இடத்திலும் பதிந்து வைத்துக்கொள்கிறார்கள். “ரெண்டும் இருக்கட்டும் சேர், பிறகு பார்ப்போம்” என்கிறார்கள். பிறகு என்பது நாலு மாதம், ஐந்து மாதம். அதற்குள் ஒரு வகுப்பில் ஒரு கதிரை வெறுமையாகிவிடும். அந்தக் கதிரை யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையில், 55 வீதம் மாவட்ட அடிப்படையில், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நமது திருகோணமலையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. மாவட்டப் பங்கில் நாம் வேண்டாம் என்று நேரத்தோடு சொல்லிவிட்டால், அந்த இடம் அடுத்த இசட் புள்ளியில் (உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளி) நிற்கும் நம் மாவட்டப் பிள்ளைக்குப் போகும். தம்பலகாமத்திலோ குச்சவெளியிலோ உப்புவெளியிலோ ஒரு பிள்ளை வெட்டுப்புள்ளிக்கு ஒரு மயிரிழை கீழே நின்று, வெற்றிடம் வருமா என்று தினமும் பார்த்துக்கொண்டிருக்கும். நேரம் கடந்து விலகினால் அந்த இடம் ஒருவருக்கும் இல்லை.

இன்னொன்று. பாடசாலை விடுகைப் பத்திரத்தின் மூலப்பிரதியை ஓரிடத்தில் கொடுத்துவிட்டு, “தொலைந்துபோனது என்று எழுதி இன்னொன்று தாருங்கள்” என்று இந்தத் தவணையில் நான்கு பேர் வந்து கேட்டார்கள். தரமாட்டேன். தொலையாததைத் தொலைந்தது என்று எழுதி நான் கையெழுத்து வைக்கமாட்டேன், எனது எழுதுவினைஞரையும் வைக்கச் சொல்லமாட்டேன். யார் சொல்லி வந்தாலும் பதில் இதுதான். ஒருவர் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைக் கேட்டார். அந்தப் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அதேபோல, இப்போது பதிந்துவிட்டு அடுத்த வருடம் திரும்ப எழுதி வைத்தியத் துறைக்குப் போகலாம் என்ற கணக்கில் பதிய வேண்டாம். பதிந்தவர் மறுபடி விண்ணப்பிப்பது பற்றிய விதி பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இருக்கிறது. அதை முதலில் வாசியுங்கள். விளங்காவிட்டால் கொண்டு வாருங்கள், சேர்ந்து வாசிப்போம்.

தரம் 13 பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளைக்கு ஆணைக்குழுவிடமிருந்து வரும் ஒரேயொரு இடம், நீங்கள் பாடநெறிகளை எழுதும் விருப்பொழுங்கை, அதாவது விருப்ப வரிசையைப் பார்த்துத்தான் வரும். முதலில் எழுதியதற்குப் புள்ளி போதுமென்றால் அதுதான் கிடைக்கும், இரண்டாவதை அவர்கள் பார்க்கவும் மாட்டார்கள். ரியூசன் சேர் சொன்னார், பக்கத்து வீட்டுப் பிள்ளை அப்படித்தான் போட்டது என்று நிரப்பிவிட்டு, பிறகு கடிதம் வந்ததும் அழுத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அந்தப் படிவத்தைப் பிள்ளை தன் கையால் நிரப்பட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

கடுமையாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நம் பெற்றோர் பட்ட பாடு எனக்குத் தெரியும். கடலுக்குப் போய்வந்து பிள்ளையை விடிய நாலு மணிக்குப் படிக்க எழுப்பியவர்கள், தையல் மெசினில் இருந்து ரியூசன் காசு கட்டியவர்கள், பரீட்சை நாட்களில் பாடசாலை வாசலில் குடையோடு நின்றவர்கள் இதை வாசிப்பீர்கள். பிள்ளைக்கு மூன்று கடிதம் வந்திருப்பது உங்களாலும்தான். அதற்காக ஆசிரியர்கள் சார்பிலும் என் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

விடுமுறையின் முதல் இரண்டு சனிக்கிழமைகளிலும் காலை 9 மணியிலிருந்து 12 மணிவரை நானும் தொழில் வழிகாட்டல் ஆசிரியையும் பிரதான மண்டபத்தில் இருப்போம். வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் கொண்டு வாருங்கள், கடைசித் திகதியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வாருங்கள். ஒரு இடத்தை எடுத்து மற்றதை விடுவதாக முடிவு செய்தவர்களுக்கு, விலகல் கடிதம் எழுதவும் அன்றே உதவி செய்து தருவோம். பிள்ளை இல்லாமல் பெற்றோர் மட்டும் வர வேண்டாம். முதலில் பிள்ளையோடு பேசிவிட்டுத்தான் உங்களோடு பேசுவோம்.

அன்புடன்,
அதிபர்