ஒரு அங்குலம்

தேவிபட்டினம்

அன்புள்ள காதர்,

உம்மா குளியலறையில் வழுக்கி விழுந்ததாக நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டு இரண்டு மாதம் ஆகிறது. பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உம்மாவுக்கு இடுப்பு வலி தேவலையா? இங்கே எல்லாரும் சுகம். கச்சான் அடித்து வாசலெல்லாம் மணல். நம் வாத்தியார் நண்டு சார் திடமாக இருக்கிறார், இன்னும் என்னை உன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.

பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் செல்வி. மதுரையில் அவளுக்கு அடுக்குமாடி வீடு ஒதுக்கியிருப்பதாகச் சொன்னேனே, குலுக்கலில் விழுந்தது மூன்றாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அவள் மகன் பாபுவுக்கு இப்போது 19 வயது. நீ தோளில் உட்கார வைத்துக் கடலுக்குத் தூக்கிப்போன பையன் இல்லை, மீசை வந்துவிட்டது. சக்கர நாற்காலியோடு அவனை மாடியேற்ற இரண்டு ஆள் வேண்டும்.

2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுத் திட்டங்களில் 5 சதவீதம் அவர்களுக்கு என்கிறது 37-ஆவது பிரிவு. பிரதமர் வீட்டு வசதித் திட்ட விதியோ, தரைத்தளத்தையும் கீழ்மாடிகளையும் அவர்களுக்கு முன்னுரிமையாகக் கொடுக்கச் சொல்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் எல்லாவற்றையும் படித்துவிட்டு, "குலுக்கல் கம்ப்யூட்டர் போட்டது சார்" என்றார். நான்கு தடவை பஸ் ஏறினேன். ஐந்தாவது தடவை தரைத்தளத்துக்கு மாற்றிக் கொடுத்தார்கள். நான் மிட்டாய்கூட வாங்கிப் போனேன், உனக்குத்தான் தெரியுமே என் அவசரம்.

போய்ப் பார்த்தால் வாசலில் இரண்டு படி, ஒரு அடி உயரம். சரிவுப் பாதை போடலாம் என்று கொத்தனாரைக் கூப்பிட்டேன். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும் என்பது கணக்கு. அவர் சிரித்துவிட்டார். "12 அடி போட்டால் பாதை ரோட்டில் போய் முடியும் அண்ணே." ஐந்து அடியில் போட்டார். பாபு முதல்தடவை அதில் இறங்கியபோது நான் முன்னால் நின்று நெஞ்சால் தாங்கினேன். இன்னும் வலிக்கிறது.

சரி, அதைக்கூடச் சமாளித்துவிடலாம். குளியலறைக் கதவு 24 அங்குலம்டா. அவன் நாற்காலி 25. அந்த ஒரு அங்குலத்துக்காக மீசை முளைத்த பையனை அவன் அம்மா தினமும் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறாள். அந்த நேரம் அவன் கண்ணை இறுக்க மூடிக்கொள்கிறான். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன்.

900 மில்லிமீட்டர் கதவு, நாற்காலி திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் என்று விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. வரைபடம் போடும்போது கோட்டைக் கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தால் பெரிய செலவே இல்லை. இப்போது சுவரை இடிக்க வேண்டும், அதற்கு மறுபடியும் அதே மேசை. நானும் எந்த மாடி என்று மட்டும்தான் சண்டை போட்டேன், காதர். கதவைக் கேட்கத் தோன்றவே இல்லை.

உங்கள் சிங்கப்பூர் வீவக (அரசு வீட்டுவசதிக் கழக) பிளாக்கில் முன்னே எல்லா மாடியிலும் லிஃப்ட் நிற்காது, 2001-க்கு அப்புறம்தான் மாற்ற ஆரம்பித்தார்கள் என்று நீ அலுத்துக்கொண்டே சொல்வாய். கட்டி முடித்ததையும் திருத்துகிறார்கள் அல்லவா? நீ அலுத்துக்கொள்ளாதே, நான் அலுத்துக்கொள்கிறேன். உம்மாவுக்குக் குளியலறையில் பிடிகம்பி வைத்துக் கொடுத்தார்களே, வயதானவர்கள் வீட்டில் விழாமல் நடமாட வசதி செய்து தரும் ஈஸ் திட்டத்தில், 2012-ல் வந்தது. அது எனக்கு வேண்டும். கம்பி தரையிலிருந்து எவ்வளவு உயரம், என்ன உலோகம் என்று பார்த்துச் சொல். அப்பாவுக்கு நான் இங்கே போட்ட இரும்புப் பிடி உப்புக் காற்றில் இரண்டே வருஷத்தில் செதில் செதிலாய் உதிர்ந்துவிட்டது.

கதவையும் அளந்து அனுப்பு. நிலையை விட்டுவிட்டு, திறந்தபின் உள்ளே கிடைக்கும் இடைவெளியை மட்டும். நண்டு சாரின் உடைந்த ஸ்கேல் உன்னிடம்தானே இருக்கிறது? அதில் வேண்டாம். ஊருக்கு வரும்போது தருகிறேன், கீழக்கரைத் தொதல் இரண்டு கிலோ.

உன்,
முனியசாமி