பிபிசி டூல ஒரு நாள்

ஆசிரியருக்கு வணக்கம்,

டிவின்னாலே நாள் பூரா சீரியல்தான்னு போன வாரம் ஒரு வாசகர் வருத்தப்பட்டு எழுதியிருந்தாரு, படிச்சதும் லண்டன்ல நாங்க பாக்குற பிபிசி டூ ஞாபகம்தான் வந்துச்சு. ஏப்ரல் கடைசில ஷெஃபீல்டு க்ரூசிபிள் தியேட்டர்ல உலக ஸ்னூக்கர் போட்டி (மேஜைல கலர் பந்துகளை கோலால குழியில தள்ளுற ஆட்டம்), மத்தியானம் அதுதான் ஓடும், எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, ஆனா டீ ஆறி ஆடை கட்டினாலும் கருப்பு பந்து குழியில விழுற வரைக்கும் கண்ணை எடுக்க மாட்டாரு. சாயங்காலம் க்விஸ், வெள்ளிக்கிழமைன்னா தோட்டக்கலை, அப்புறம் ஏதாவது டாக்குமெண்டரி.

1964 ஏப்ரல் 20 ராத்திரி தொடங்க வேண்டிய சேனல், லண்டன்ல கரண்ட் போயி மறுநாள் காலைல குழந்தைங்க நிகழ்ச்சியோடதான் ஆரம்பிச்சுது. அடுத்த வருஷம் பொறுப்புக்கு வந்தவர் டேவிட் அட்டன்பரோ, 1967ல விம்பிள்டனை கலர்ல காட்டினது அவர் இருந்தப்பதான். 1969ல ஸ்னூக்கரை கொண்டுவந்ததே கலர் பந்துகளுக்காகத்தான்.

டிவி பாக்குற வீடுங்க கட்டுற லைசென்ஸ் கட்டணத்துல ஓடுற சேனல், நடுவுல விளம்பரமே கிடையாது. நம்ம சேனல்காரங்களும் வாரத்துல ஒரே ஒரு மத்தியானத்தையாவது கபடிக்கோ விவசாயத்துக்கோ கொடுங்க, தயவுசெஞ்சு.

லண்டன் வாசகர்