சிங்கப்பூர் தேக்காவில் ஆட்டுக்கறிக் கடையை விடப்போகும் அத்தாவுக்கு

அத்தா,

மாதக் கடைசியில் கடையை ஒப்படைக்கிறீர்கள் என்று அண்ணன் சொல்லித்தான் தெரியும். என்னிடம் சொல்லத் தோன்றவில்லை. சரி.

என் வேலையைப் பற்றி இங்கே அதிகம் எழுத முடியாது. கம்பெனியில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் வேறு படிப்பார்கள். பிராணியின் செல்லை ஆய்வகத்தில் வளர்த்துக் கறியாக்கும் வேலை என்பதுபோல, ஊருக்கே தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது, "அந்த செல்லுக்கு என்ன தீனி போடுவீங்க?" என்று கேட்டீர்கள். சர்க்கரை, உப்பு, அமினோ அமிலம் என்று நிறுத்தியிருக்கலாம். சீரத்தையும் சொன்னேன். சினைமாட்டை அறுக்கும்போது வயிற்றில் இருக்கும் கன்றின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது. உங்கள் கை தட்டிலேயே நின்றுவிட்டது. எழுந்துபோய் வெகுநேரம் கை கழுவினீர்கள். "சினை ஆட்டுல எங்கத்தா கத்தி வெச்சதே இல்ல." அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி நீங்கள் வாய் திறக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சொன்னதற்கு மன்னிக்கணும். சொன்னதற்கு அல்ல. நீங்கள் கேட்டீர்கள், மறைத்துப் பேச எனக்கு வராது.

2023 ஜனவரியில் சீரமே சேர்க்காமல் செல்லிலிருந்து வளர்த்த கோழிக்கறிக்கு சிங்கப்பூரில் அனுமதி கொடுத்தார்கள். அடுத்த வருஷம் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றமான முயிஸின் ஃபத்வாவும் வந்தது: ஹலாலான பிராணியின் செல்லாக இருந்து, ஹராமானது எதுவும் சேராவிட்டால் சாப்பிடலாம் என்று. இரண்டையும் உங்கள் போனுக்கு அனுப்பினேன். நீலக்குறி விழுந்தது, அவ்வளவுதான்.

என் மாதிரி ஆட்களால்தான் கடை போகிறது என்று சாச்சா சொல்லித் திரிகிறாராம். 2024-இல் இங்கே கறிக்கடை ஃப்ரீசரில் விற்ற அந்த செல் கோழிக்கறியில் 100-க்கு 3 பங்குதான் செல், மிச்சத்தில் பெரும்பகுதி தாவரப் புரதம். அதுவா உங்களைச் சாய்த்தது? உங்கள் முட்டிவலியைக் கேட்கச் சொல்லுங்கள். "உசுரோட இல்லாத கறி" என்பீர்களே, ஆஸ்திரேலியாவிலிருந்து உரித்து வந்து இறங்கும் ஆட்டை நீங்கள் எங்கே உயிரோடு பார்த்தீர்கள்?

தொட்டியில் செல்லைப் பெருக்கிவிடலாம் அத்தா. அதைத் தொடைக்கறி போல நாராக ஓடவைப்பதில்தான் எல்லோரும் முழிக்கிறார்கள். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் குறுக்கே வெட்டச் சொல்லித் தந்தது நீங்கள். ஆய்வகத்தில் அதை என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள்.

கடையை எடுத்து நடத்துகிறாயா என்று அண்ணனைக் கேட்டீர்கள், மச்சானைக் கேட்டீர்கள். கேட்டிருந்தால் நான் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். இருந்தாலும் கேட்டிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். தொடைக்கறி ஒரு கிலோ எடுத்து வையுங்கள். காசு வாங்கிக்கொள்ளணும்.