முயல்மசால் விதை வந்தாச்சு

வணக்கம் சொந்தங்களே. ஞாயிறு காலை 7 மணிக்கு என் களத்துமேட்டில், ஆடு மாட்டுத் தீவனச் செடியான முயல்மசால் (ஸ்டைலோ) விதை பிரித்துக் கொடுக்கிறேன். பை கொண்டு வாங்க.

"ஸ்காப்ரா, ஹமாட்டா ரெண்டும் எதுக்கு, ஒண்ணு போதாதா?" என்று கேட்டிருந்தீர்கள். இவை முயல்மசாலில் இரண்டு இனங்கள். வட ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலங்களில் டவுன்ஸ்வில் ஸ்டைலோ என்ற இன்னொரு முயல்மசால் இனத்தை மட்டுமே நம்பியிருந்தார்கள். 1970களில் ஆந்த்ராக்னோஸ் பூஞ்சாணம் வந்து அதைத் துடைத்துவிட்டது. பிறகுதான் நோயைத் தாங்கிய ஸ்காப்ராவில் 'சீகா', ஹமாட்டாவில் 'வெரானோ' ரகங்களைப் பரப்பினார்கள். பூஞ்சாணமும் சும்மா இருக்காது, மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அடுத்து வந்த 'சிரான்' ரகத்தில் மூன்று வெவ்வேறு ஸ்காப்ரா வம்சங்களைக் கலந்தே விட்டார்கள். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

நம் மானாவாரிக்கும் கலப்புதான் சரி. ஹமாட்டா சீக்கிரம் பூத்து விதை கொட்டும். ஸ்காப்ரா வேர் ஆழம், வறட்சி தாங்கும். ஆனால் முற்றவிட்டால் தண்டு கட்டையாகிவிடும், ஆடு மோந்துகூடப் பார்க்காது.

விதைத்தோல் கெட்டி. 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம், பிறகு ராத்திரி முழுக்கப் பச்சைத்தண்ணீர். போன தடவை நான் அடுப்பிலேயே விட்டுவிட்டு போன் பேசி, பாதி விதையை அவித்தேன்!

முதல் வருஷம் சோம்பலாகத்தான் வரும், உழுதுவிடாதீங்க.