தம்பிக்கு, அரசர் பெருவிழாவுக்கு முன்

இயேசுவுக்கே புகழ்!

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அதற்கு முந்தினதுக்கே பதில் வரவில்லை என்று அம்மா ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறார்கள், பார்த்தேன். வேலை அதிகம் என்று சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை, அதனால் சொல்லவில்லை. நன்றாக இருக்கிறேன். குளிருக்குக் கையுறை இருக்கிறதா என்று கேட்டிருந்தார்கள். இருக்கிறது, வீட்டுக்குள்ளும் போட்டுக்கொள்கிறேன். எழுதும்போதுதான் கழற்றவேண்டியிருக்கிறது. எழுத்து கோணினால் அதுதான் காரணம்.

கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு இளையோருக்கு என்ன சொல்லித்தருவது என்று கேட்டாய். “பேச்சு வேண்டாம் அக்கா, செய்கிற மாதிரி எழுது” என்கிறாய். சரி. ஆனால் அந்தத் திருநாள் எப்போது வந்தது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடு. ஆதிகாலத்திலிருந்து இருக்கிறது என்றுதான் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். திருத்தந்தை 11ஆம் பயஸ் அதை ஏற்படுத்தியது 1925 டிசம்பர் 11 அன்று. முதல் உலகப்போர் முடிந்து ஏழு ஆண்டுதான் ஆகியிருந்தது. ரஷ்யா, ஜெர்மனி, ஆஸ்திரியா என்று பெரிய பெரிய முடிகள் விழுந்துவிட்டன. விழுந்த இடத்தில் நாடே தெய்வம் என்கிற வெறி ஏறி உட்கார்ந்துகொண்டது. இத்தாலியில் முசோலினி வந்து மூன்று ஆண்டு. அந்த நேரத்தில் ‘எங்கள் அரசர் வேறொருவர்’ என்று சொல்ல ஒரு நாள் தேவைப்பட்டது. முதலில் அக்டோபர் கடைசி ஞாயிறு. 1969இல் திருத்தந்தை 6ஆம் பவுல் அதைத் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறுக்கு மாற்றினார். அதனால்தான் எப்போதும் நவம்பர் 20க்கும் 26க்கும் நடுவில் வருகிறது, அடுத்த ஞாயிறு, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகிற திருவருகைக் காலம் தொடங்கிவிடுகிறது.

மூன்று ஆண்டுச் சுற்றில் அன்றைக்கு வரும் நற்செய்திகளை எடுத்துப் பார். முதல் ஆண்டு மத்தேயு 25. அரியணை இருக்கிறது, ஆனால் அதில் இருப்பவர் ‘பசியாய் இருந்தது நான்தான்’ என்கிறார். இரண்டாம் ஆண்டு யோவான் 18. பிலாத்துவின் முன் கைதியாக நிற்கிறார். மூன்றாம் ஆண்டு லூக்கா 23. சிலுவையில் தொங்குகிறார், தலைக்கு மேல் ‘அரசர்’ என்று கேலியாக ஒரு பலகை. அவரை அரசராகவே நினைத்துப் பேசுகிறவன் பக்கத்துச் சிலுவையில் இருக்கும் குற்றவாளி ஒருவன்தான். பீடத்தில் எத்தனை அலங்காரம் செய்தாலும் செய்யட்டும், இந்த மூன்றையும் படிக்காமல் செய்யவேண்டாம்.

முதல் கூட்டத்தில் இதைச் செய். ஆளுக்கொரு பென்சில் கொடுத்து 1 சாமுவேல் 8ஐ வாசிக்கவிடு. அரசன் வேண்டும் என்று மக்கள் அடம்பிடிக்கிறார்கள். வந்தால் என்னென்ன எடுத்துக்கொள்வான் என்று சாமுவேல் அடுக்குகிறார்: மகன்கள் தேருக்கு, மகள்கள் சமையலுக்கு, நல்ல வயல்கள், விளைச்சலில் பத்தில் ஒன்று, ஆட்டுமந்தையில் பத்தில் ஒன்று. எடுப்பதையெல்லாம் கோடிடச் சொல். பிறகு மாற்கு 10:45. அங்கே எடுக்கிற சொல்லே இல்லை, கொடுக்கிற சொல்தான். அதற்குமேல் விளக்கம் சொல்லாதே. நீ விளக்கினால் அவர்கள் கண்டுபிடித்தது உன்னுடையதாகிவிடும்.

இணைச்சட்டம் 17இல் இன்னொன்று இருக்கிறது, அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. அரசன் குதிரைகளைப் பெருக்கக் கூடாது, மனைவியரைப் பெருக்கக் கூடாது, வெள்ளியும் பொன்னும் சேர்க்கக் கூடாது. அவன் செய்யவேண்டியதாகச் சொல்லியிருப்பது, திருச்சட்டத்தின் பிரதி ஒன்றைத் தனக்கென எழுதி வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்க வாசிப்பது. அரசனுக்கே அதுதான் என்றால் நம் அரசரின் ஆட்களுக்குச் சொல்லவே வேண்டாம். தினம் மூன்று வசனம் எழுதட்டும், கையால், ஒரே நோட்டில். செல்பேசியில் தட்டினால் கணக்கில்லை. கை மெதுவாகப் போகும்போதுதான் கண் தாண்டிப்போன சொல் நிற்கும்.

இப்போது நீ கேட்ட அன்றாட விஷயம். இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் முதலில் படைவீரர். 1521இல் ஸ்பெயினின் பம்பலோனாக் கோட்டையில் காலில் குண்டடி பட்டு விழுந்தவர். 1548இல் அச்சான அவருடைய ஆன்மீகப் பயிற்சிகளில் அரசரின் அழைப்பு என்று ஒரு தியானம் வருகிறது. நல்ல அரசன் ஒருவன் தன் ஆட்களைக் கூப்பிடுகிறான். நான் உண்பதை உண்ணவேண்டும், நான் உடுத்துவதை உடுத்தவேண்டும், பகலில் என்னோடு உழைத்து இரவில் என்னோடு விழித்திருக்கவேண்டும். ஒரு மனிதனுக்கே இப்படிப் போவார்கள் என்றால் கிறிஸ்துவுக்கு எப்படி என்பது கேள்வி. ‘என்னோடு’ என்கிற சொல்லை விட்டுவிடாதே. போ என்று அனுப்புகிற அரசர் இல்லை இவர்.

காலையில் எழுந்ததும் அதை நினைத்துக்கொள்ளட்டும், இரண்டு நிமிடம் போதும். இரவில் ஆன்ம சோதனை, பதினைந்து நிமிடம். நன்றி சொல்ல மூன்று நிமிடம், பெயர் சொல்லி, இன்ன ஆள், இன்ன உதவி என்று. ஒளி கேட்க ஒரு நிமிடம். எழுந்ததிலிருந்து மணி மணியாக நாளைத் திரும்பப் பார்க்க ஏழு. மன்னிப்புக் கேட்க இரண்டு, நாளைக்கு ஒரே ஒரு காரியம் தீர்மானிக்க இரண்டு. இஞ்ஞாசியார் ஐந்து படிகளைத்தான் சொல்கிறார், நிமிடக் கணக்கு நான் போட்டது.

எங்கே கெடும் என்றால், முதல் படியில். நன்றியைத் தாண்டி நேரே குற்றத்துக்குப் போகிறவர்களுக்கு அது போலீஸ் விசாரணை மாதிரி ஆகி, பத்தே நாளில் விட்டுவிடுவார்கள். படுத்துக்கொண்டு செய்தால் மூன்றாவது படியில் தூக்கம். உட்கார்ந்துதான் செய்யவேண்டும். ‘நாளையிலிருந்து நல்லவனாக இருப்பேன்’ என்பது தீர்மானமே இல்லை. ‘நாளை காலை இன்னாருக்கு நானே முதலில் வணக்கம் சொல்வேன்’ என்பது தீர்மானம்.

ஒரு குறையை மட்டும் பிடித்துத் திருத்த இன்னொரு முறை உண்டு. ஒரு தாளில் நாளுக்கு இரண்டு கோடு, ஏழு நாளைக்குப் பதினாலு. முதல் கோடு காலையிலிருந்து நண்பகல் வரை, இரண்டாவது நண்பகலிலிருந்து இரவு வரை. அந்தக் குறையில் விழும்போதெல்லாம் யாருக்கும் தெரியாமல் நெஞ்சில் கைவைத்துக்கொள், ஆன்ம சோதனை நேரத்தில் அத்தனை புள்ளி வை. முதல் கோட்டை இரண்டாவதோடு ஒப்பிடு, நேற்றை இன்றோடு, போன வாரத்தை இந்த வாரத்தோடு. ஒரு தாளுக்கு ஒரே குறைதான். தாளின் மேல் குறையின் பெயரை எழுதாதே, வீட்டில் யார் கையிலாவது கிடைக்கும். மாதிரிக்கு நான் போன வாரம் போட்ட தாளையே இதோடு வைத்திருக்கிறேன்.

இங்கே எனக்குச் செபம் எல்லாம் சத்தமில்லாமல்தான். பக்கத்து அறை அம்மா இரவு ஒன்பதுக்கு மேல் என் குரல் கேட்டால் சுவரில் மூன்று தட்டுத் தட்டுவார்கள். எண்ணி மூன்று. காலையில் படிக்கட்டில் பார்த்தால் ஒன்றும் நடக்காத மாதிரி சிரிப்பார்கள். குரல் இல்லாவிட்டால் மனம் அலையும், அதற்கு இஞ்ஞாசியார் சொன்ன மூச்சுச் செபம் உதவுகிறது. ஒரு மூச்சுக்கு ஒரு சொல். ‘விண்ணகத்திலிருக்கிற’, ஒரு மூச்சு. ‘எங்கள்’, ஒரு மூச்சு. அவசரப்பட்டால் மூச்சு முட்டும், முட்டினால் வேகமாகப் போகிறாய் என்று அர்த்தம். ‘உமது ஆட்சி வருக’ வருவதற்கே நேரமாகும்.

எனக்கு அந்த ‘எங்கள்’ என்கிற இடத்தில்தான் மூச்சு நிற்கிறது. ஆறு பேர் சேர்ந்து சொன்ன சொல். அப்பா கொஞ்சம் முந்துவார், அம்மா பிந்துவார்கள், நீ பாதியில் தூங்கிவிடுவாய். ஒரு ஆளாகச் சொல்ல அந்தச் சொல் சரியாக வரமாட்டேன் என்கிறது. போகட்டும்.

கூட்டம் முடிவில் சொல்ல ஒரு செபம் எழுதியிருக்கிறேன், மாற்றவேண்டுமானால் மாற்றிக்கொள்:

எங்கள் அரசரே, கட்டாயப்படுத்தி உம்மை அரசராக்க வந்தபோது மலைக்கு விலகிப் போனீர். துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு சீடர் கால்களைக் கழுவினீர். இன்று எங்கள் கைக்குக் கீழே இருப்பவர்களிடம் நாங்கள் சின்ன அரசர்களாக நடந்துகொண்டதை மன்னியும். நாளை நீர் எந்த வாசலில் பசியோடு நிற்பீர் என்று தெரியாது. அந்தக் கதவைத் திறக்கிற கையாக எங்களை வையும். உமது ஆட்சி எங்கள் வீட்டிலிருந்து தொடங்கட்டும். ஆமென்.

கடைசி வரியை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வீட்டுப் பத்திர விஷயத்துக்கு வருகிறேன். அண்ணனும் நீயும் ஆறு மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை என்று அம்மா எழுதித்தான் தெரியும், நீ ஒரு வரி எழுதவில்லை. மத்தேயு 5:23-24ஐ இளையோருக்கு வாசிக்கத் திட்டம் வைத்திருந்தால் அதற்கு முன் நீ அண்ணன் வீட்டுக்குப் போய்வா. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் சமாதானமாகு என்று இருக்கிறதே தவிர, யார் மேல் தப்பு என்று தீர்த்துவிட்டுப் போ என்று இல்லை. சனிக்கிழமையே போ. பத்திரத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகாதே. அண்ணி கதவைத் திறந்தால் முதலில் குழந்தைகளைக் கேள். பின்கட்டு அறை அண்ணனுக்கே போகட்டும், அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது இரவெல்லாம் பார்த்துக்கொண்டது அவர்தான். என் பங்கு பற்றி இப்போது யாரும் பேசவேண்டாம். கையெழுத்து எங்கே வேண்டுமென்று குறித்து அனுப்பு, போடுகிறேன்.

இந்த மாதம் பணம் பத்து நாள் தள்ளி வரும். ஒன்றுமில்லை, தேதி மாறியிருக்கிறது. அம்மாவிடம் சொல்லவேண்டாம், உன்னிடம் இருப்பதை வைத்துச் சமாளி. அம்மாவுக்குக் கண் பரிசோதனை என்றைக்கு என்று எழுது. அப்பாவின் செபமாலை யாரிடம் இருக்கிறது?

அன்புடன்,
அக்கா

பி.கு. தாளில் வியாழக்கிழமை இரண்டாம் கோட்டில்தான் புள்ளி அதிகம். அன்றைக்குத்தான் அண்ணன் கடிதம் வந்தது. அவரிடம் காட்டாதே.